நான் வளர்த்த முயலுக்கு நாலே கால்

ஸ்டார்ட்யூ வேலி என்ற பண்ணை வீடியோ கேமில் முயல் வளர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முயலை வாங்கிக் கூண்டில் விட்டு, தினமும் தீனி வைத்து, தடவிக் கொடுத்து வந்தால் முதலில் கம்பளி கிடைக்கும். பாசம் கூடக் கூட, ஏதோ ஒரு காலையில் கூண்டுத் தரையில் முயல் கால் ஒன்று கிடக்கும். அதிர்ஷ்டம் தரும் என்று சிலர் சொல்வதாக அதன் குறிப்பில் எழுதியிருக்கும். நல்ல விலைக்குப் போகும். ஊரில் பென்னி என்ற பெண்ணைத் தவிர யாருக்குப் பரிசாகக் கொடுத்தாலும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொள்வார்கள். திரும்பிப் பார்த்தால் முயல் அதுபாட்டுக்குத் துள்ளிக்கொண்டிருக்கும், ஒரு குறையும் இல்லாமல்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே கால் என் பையில் இருக்கிறது. ஆனாலும் முயலுக்கு நாலு கால்தான் என்று விளையாட்டு சாதிக்கிறது. நானும் சரி என்று நம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறேன்.

கோஸி கேம் என்று சொல்லப்படும் இந்த வகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரையும் சுட வேண்டாம், தோற்றுப்போய் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், மீன் பிடிக்கலாம், அக்கம்பக்கத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டுத் தூங்கப் போகலாம். மிருகமே இல்லாத கோஸி கேமைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மனசுக்குக் கிடைக்கும் ஆறுதலில் பாதி அவற்றால்தான். கொஞ்ச காலமாக அந்த மிருகங்களையே உற்றுப் பார்க்கப் பழகிவிட்டேன். வட்டக் கண்ணும் குட்டைக் காலுமாக வரைந்து வைத்திருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அழகாகவே இருக்கட்டும். என் சந்தேகம் வேறு: இந்த மிருகங்களுக்கு என்னைத் தவிர வேறு வேலையே கிடையாதா?

பண்ணையிலிருந்து தொடங்குகிறேன். ஸ்டார்ட்யூ வேலி 2016 பிப்ரவரியில் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை வருடம் போல உட்கார்ந்து, படம், இசை, நிரல், வசனம் எல்லாவற்றையும் தானே செய்தது. 2024 முடிவதற்குள் 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றுவிட்டன. அதில் பசு, வெள்ளாடு, செம்மறி, பன்றி, கோழி, வாத்து எல்லாம் வளர்க்கலாம். எதையும் அறுக்க முடியாது. சமையல் குறிப்புகளில் மீன் உண்டு, நண்டு உண்டு, நத்தைகூட உண்டு. கோழிக்கறியும் பன்றிக்கறியும் கிடையாது. பன்றியின் வேலை மண்ணைக் கிளறி ட்ரஃபிள் என்கிற விலை உயர்ந்த காளானைக் கண்டுபிடிப்பது. நிஜத்திலும் இதற்குப் பன்றியைப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் கண்டுபிடித்த கையோடு அதுவே தின்றுவிடும் என்பதால் பெரும்பாலானவர்கள் நாய்க்கு மாறிவிட்டார்கள். ஸ்டார்ட்யூ பன்றிக்கு அந்தச் சபலம் இல்லை. எடுத்துப் போட்டுவிட்டு, முகர்ந்துகூடப் பார்க்காமல், நகர்ந்துவிடும். 2012இல் வந்த ஹே டே என்ற பண்ணை விளையாட்டு இதையும் தாண்டியது. அதில் பன்றியிடமிருந்து பேக்கன் என்கிற பன்றிக்கறியே கிடைக்கும், பன்றி உயிரோடு இருக்கும்போதே. மறுபடி தீனி போட்டால் மறுபடி பேக்கன். முயல் காலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கத்தியைக் கொண்டு வா என்று நான் கேட்கவில்லை. அறுக்கிற காட்சி இல்லாததால்தான் இரவு பதினொரு மணிக்கும் இதை விளையாட முடிகிறது. ஆனால் சாவை மட்டும் எடுத்தோம் என்று இவர்கள் நிறுத்தவில்லை. சாவோடு சேர்ந்து பிறப்பு, பருவம், ஆண், முதுமை எல்லாம் போய்விட்டன. ஸ்டார்ட்யூவின் பசு கன்று போடாமலே பால் கறக்கும். காளையே இல்லாத தொழுவத்தில் சினையாகும். அதற்கு அனுமதிக்கலாமா வேண்டாமா என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கிறது. சேவல் இல்லாத கூண்டில் எந்த முட்டையை எடுத்து அடைகாக்கும் கருவியில் வைத்தாலும் குஞ்சு பொரிக்கும்.

முட்டைக் கணக்கை யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகிவிடுகிறது. வயிறு நிறைந்து சந்தோஷமாக இருக்கும் ஸ்டார்ட்யூ கோழி தினம் ஒரு முட்டை இடும். விளையாட்டுக்காகக் கூட்டிச் சொன்னது என்றுதான் முதலில் தோன்றும். வீட்டுக் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்து, பதினைந்து முட்டைதான் இடும். ஆனால் இன்றைய பண்ணை முட்டைக்கோழி இடுவது ஆண்டுக்கு ஏறக்குறைய 300. அதாவது தினம் ஒரு முட்டை என்ற அந்த மாயத்தை நிஜ உலகம் இனக்கலப்பால் எப்போதோ செய்து முடித்துவிட்டது. விளையாட்டு அதில் எதையும் மிகைப்படுத்தவில்லை. அதற்குக் கோழி கொடுக்கும் விலையைத்தான் காட்டவில்லை. இவ்வளவு ஓட்டுக்குச் சுண்ணாம்பு கொடுத்தே எலும்பு தேய்கிற கோழி அதில் இல்லை. முட்டை இனத்தில் சேவல் குஞ்சு யாருக்கும் வேண்டாம் என்பதால் பொரித்த அன்றே கொன்றுவிடுவதும் இல்லை. ஜெர்மனி 2022இல் அதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

எல்லா விளையாட்டும் இப்படி நழுவவில்லை. ஸ்டார்ட்யூவுக்கு முன்னோடியான ஹார்வெஸ்ட் மூன் வரிசையில் 2003இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கு வந்த ‘எ வொண்டர்ஃபுல் லைஃப்’ இருக்கிறது. அதில் பசு கன்று போட்டால்தான் பால். கொஞ்ச காலம் கறக்கும், அப்புறம் மடி வற்றிவிடும், மறுபடி சினைப்பட வேண்டும். கோழிக்குஞ்சு வேண்டுமானால் சேவல் வேண்டும். பிறக்கிற கன்று கிடாரியாகவும் இருக்கலாம், காளையாகவும் இருக்கலாம். காளைக்கன்று பிறந்ததும் விளையாடுகிறவர் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும்: பால் தராது, தீனி தின்னும், தொழுவத்தில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும், ஒரு காளை ஏற்கெனவே இருக்கிறது. வைத்துக்கொள்வதா, விற்பதா? விளையாட்டு உபதேசம் எதுவும் செய்யாது. இந்த ஒரு விதியை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். பால் எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன விளையாட்டு எனக்குத் தெரிந்து இல்லை. ரொம்ப மெதுவாகப் போகிறது என்று பலர் அதை ஓரங்கட்டினார்கள். மெதுவாகத்தான் போகும், சினைக்காலம் அப்படி.

சரி, பாசத்துக்கு வருவோம். ஸ்டார்ட்யூவில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஐந்து இதயம். தினம் தடவினால், வயிறு நிறைந்தால், நல்ல வெயிலில் வெளியே மேய்ந்தால் இதயம் நிரம்பும். நிரம்பினால் பால் பெரிய பாலாகும், முட்டை தங்கத் தரமாகும். மிருகத்தைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி திறந்து அதன் பெயர், வயது, இதயம், இன்று சந்தோஷமாக இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் காட்டும். அதே பெட்டியில் விற்பதற்கும் ஒரு பொத்தான். 1,500 காசுக்கு வாங்கிய பசுவை ஐந்து இதயமும் நிரம்பிய பிறகு விற்றால் 1,950 கிடைக்கும். நம்மை எவ்வளவு நேசிக்கிறதோ அவ்வளவு விலை! வாங்கிப்போவது யார், எங்கே கொண்டுபோகிறார்கள், எதற்கு? ஒரு வார்த்தை இல்லை. பசு திரையிலிருந்து மறையும், காசு ஏறும்.

அப்புறம் அந்தத் தடவும் கருவி. 2020 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பில் சேர்த்தார்கள். கொட்டிலில் பொருத்திவிட்டால் நமக்குப் பதிலாக அதுவே தினமும் எல்லா மிருகத்தையும் தடவிக் கொடுத்துவிடும். கையால் தடவுவதைவிடப் பாசம் குறைவாகத்தான் ஏறும், ஆனால் ஏறும். இதை விற்பது யார் என்பதுதான் வேடிக்கை. ஸ்டார்ட்யூவின் கதைத் தொடக்கத்திலேயே ஜோஜா என்ற பெரிய நிறுவனத்தின் அலுவலகக் கூண்டு வந்துவிடும். எதிலும் பிடிப்பில்லாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் நாயகன் தாத்தாவின் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, வேலையை உதறிவிட்டுக் கிராமத்துக்கு ஓடி வருகிறான். வந்த இடத்தில் ஜோஜாவோடு கைகோத்தால், பாசத்தைத் தானாகச் செய்யும் இயந்திரத்தை அதே ஜோஜா 50,000 காசுக்கு விற்கும். சுரங்கத்துப் பெட்டிகளிலும் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். பரோன் இதைக் கேலியாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கேலியோ இல்லையோ, தொழுவம் நிரம்பியவர்கள் அதை வாங்கத்தான் செய்கிறார்கள். இருபது மாட்டைத் தினமும் தடவுவது அன்பில்லை, வருகைப்பதிவு எடுப்பது. அப்படி ஒரு கட்டத்துக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது அதே இதயக் கணக்குதான் என்பதை மட்டும் மறக்க முடிவதில்லை.

இந்த மிருகங்கள் முதலில் எதற்காக உள்ளே வந்தன என்று பார்த்தால் ஒன்று புரிகிறது. 1996இல் ஹார்வெஸ்ட் மூனை உருவாக்கிய யசுஹிரோ வாடா மியாசாகி பக்கத்துக் கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்குப் போனவர். மிருகங்களே அண்டைவீட்டாராக வரும் அனிமல் கிராசிங் வரிசையின் முதல் விளையாட்டை 2001இல் ஜப்பானில் கொண்டுவந்த கட்சுயா எகுச்சி, சீபாவில் குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுவிட்டு நின்டெண்டோ வேலைக்காகக் கியோட்டோவுக்கு வந்தவர். விட்டுவந்த மண்ணை ஒருவர் தேடினார், விட்டுவந்த மனிதர்களை இன்னொருவர் தேடினார். இந்த வகையின் இரண்டு பெரிய ஆலமரங்களும் ஊரை விட்டு வந்தவர்கள் நட்டவை. அதனால் இவற்றில் வரும் மிருகங்களை மிருகம் என்று எடுத்துக்கொள்வதே தப்போ என்று சில சமயம் தோன்றும். காலியான நாற்காலிகளில் உட்கார வைக்கப்பட்டவை அவை. போனதும் சிரித்து வரவேற்பவை, எப்போது போனாலும் இருப்பவை.

அனிமல் கிராசிங்கில் இது அப்பட்டம். 35 இனங்கள், 400க்கும் மேற்பட்ட அண்டைவீட்டார்கள், மொத்தம் எட்டே குணங்கள். முசுட்டுக் குணமுள்ள ஓநாயும் முசுட்டுக் குணமுள்ள வெள்ளாடும் பேசுவது கிட்டத்தட்ட ஒரே வசனம்தான். வாக்கியத்தின் கடைசியில் வரும் செல்லச் சொல் மாறும், அவ்வளவுதான். ஓநாய்த்தனம் என்பது காதிலும் வாலிலும் மட்டும். புலி பசித்தாலும் புல் தின்னாது என்பார்கள். இங்கே பசித்த புலி கையில் சாண்ட்விச்சோடு மானுக்குப் பக்கத்தில் உலாத்தும். விளையாட்டு உருவாக்குகிறவர்களுக்கு இதில் பெரிய வசதியும் இருக்கிறது. மனித முகம் வரைந்தால் வயது, நிறம், நாடு, வர்க்கம் என்று எல்லாம் கூடவே வந்துவிடும். கரடிக்கு அந்தத் தொல்லை இல்லை. சின்னத் திரையில் தூரத்தில் வந்தாலும் யார் என்று நிழலிலேயே தெரியும்.

அதற்காக எல்லாமே வெறும் முகமூடி என்றும் சொல்லிவிட முடியாது. கடைக்காரன் டாம் நூக் ஒரு தனுக்கி, ரக்கூன் சாயலில் இருக்கும் ஜப்பானிய விலங்கு. ஜப்பானிய நாட்டுப்புறக் கதைகளில் தனுக்கி தலையில் இலையை வைத்துக்கொண்டு உருமாறும் எத்தன். அனிமல் கிராசிங்கில் நாற்காலியையோ கட்டிலையோ தூக்கிப் பையில் போட்டால் அது இலையாக மாறும். வீட்டுக்கடன் வசூலிக்கிறவன் கையில் எல்லாமே இலை! அருங்காட்சியகம் நடத்தும் ஆந்தை பிளாதர்ஸ் பகலில் தூங்கி வழிவான். பூச்சி என்றால் அலறுவான். பூச்சி தின்று வாழும் ஆந்தைகள் உலகில் நிறைய இருக்க, இவன் பூச்சியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவே நடுங்குவது எனக்கு எப்போதும் சிரிப்பு. பூச்சிப் பிரியனான பச்சோந்தி ஃபிளிக்கும் அப்படியே. பூச்சியை வாங்குவான், ரசிப்பான், அதற்குச் சிலை செய்து தருவான். நாக்கை மட்டும் நீட்ட மாட்டான்.

ஆனால் கோடு ஒன்று இருக்கிறது, அது எங்கே போகிறது என்பதைக் கவனித்தால் வேடிக்கை. 2020இல் வந்த நியூ ஹொரைசன்ஸ் என்ற அனிமல் கிராசிங் பதிப்பில் மரீனா என்ற ஆக்டோபஸ் நம் தீவில் வீடு கட்டிக் குடியிருக்கலாம். அவளுக்குப் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு, அதே தீவின் கடலில் மூழ்கி ஆக்டோபஸ் பிடித்து விற்கலாம். தவளையும் அப்படியே, அண்டைவீட்டுக்காரனாகவும் வரும், தூண்டிலிலும் மாட்டும். வான்கோழிக்கு நடந்தது இன்னும் சுவாரசியம். பழைய பதிப்புகளில் ஃபிராங்க்ளின் என்ற வான்கோழி அறுவடை விழாவன்று ஒளிந்து திரிவான். விருந்தே தான்தான் என்பது அவனுக்குத் தெரியும். நியூ ஹொரைசன்ஸில் அவன் தலைமைச் சமையல்காரன். விழா அவனுடையது, அடுப்பு அவனுடையது, விருந்தில் மீனும் சிப்பியும் பூசணியும். பயந்து ஓடிய பறவைக்குத் தொப்பி போட்டு வேலை கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பயந்த ஃபிராங்க்ளினைத்தான் பிடிக்கும். அந்த ஊரில் தான் என்ன இனம் என்று நினைவு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.

ரெசெட்டியும் இப்படித்தான் பல் பிடுங்கப்பட்டான். மண்ணைக் குடைந்து வாழும் மோல் அவன். விளையாட்டைச் சேமிக்காமல் அணைத்துவிட்டு மறுபடி வந்தால், தரையைப் பிளந்துகொண்டு வந்து நின்று காது கிழியத் திட்டுவான். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாலும் முடிக்க மாட்டான். நியூ ஹொரைசன்ஸ் தானாகவே சேமித்துக்கொள்ளும் என்பதால் அவனுக்கு வேலை போய்விட்டது; இப்போது வழி தெரியாமல் சிக்கிக்கொண்டவர்களை மீட்கும் சேவையில் பணிவாக இருக்கிறான். பழைய பதிப்புகளோடு ஒப்பிட்டால் அண்டைவீட்டார் எல்லோருமே சாதுவாகிவிட்டார்கள். முகத்துக்கு நேரே கிண்டல் செய்வதும் முறைப்பதும் குறைந்துவிட்டன. மாறாக மனிதர்கள் பக்கம்தான் கடுமை கூடியது. ரேமண்ட் என்ற, இரண்டு கண்ணும் இரண்டு நிறமான பூனைக்கு 2020இல் பெரிய சந்தையே நடந்தது. அவனுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, முகம் பிடிக்காத அண்டைவீட்டாரை வலையால் அடித்தும், வேலி போட்டு அடைத்தும் விரட்டப் பார்த்தார்கள். இந்த விளையாட்டில் மிருகத்தனம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

மீனுக்கு இந்தக் கருணை எதுவும் இல்லை. எந்த கோஸி கேமிலும் மீனுக்குப் பெயர் இல்லை, இதயம் இல்லை; நீளமும் விலையும்தான். 2020 மார்ச்சில் பீட்டா அமைப்பு நியூ ஹொரைசன்ஸை எப்படி வீகனாக விளையாடுவது என்று ஒரு வழிகாட்டி போட்டது: மீன் பிடிக்காதே, பூச்சி பிடிக்காதே என்று. இணையமே சிரித்தது, நானும்தான். அதே ஆண்டு மான்டரே பே அக்வேரியமும் சிகாகோவின் ஃபீல்ட் மியூசியமும் சேர்ந்து, அந்த விளையாட்டின் அருங்காட்சியகத்துக்குள் நேரலையில் சுற்றிவந்து, தொட்டியில் நீந்தும் மீன்களையும் புதைபடிவங்களையும் பற்றி விளக்கினார்கள். தூண்டில் போடாதே என்று சொன்னதைவிட, தொட்டிக்கு முன்னால் நின்று இது என்ன மீன் தெரியுமா என்று கேட்டதுதான் எடுபட்டது.

சாவை இந்த வகை எப்போதிலிருந்து விலக்கியது? 1996இல் வந்த பண்டாயின் தமகோச்சி, கையடக்கக் கருவிக்குள் வாழும் செல்லப்பிராணி, செத்துப்போகும். கவனிக்காவிட்டால் கட்டாயம் சாகும், கவனித்தாலும் வயதாகி ஒரு நாள் போகும். பள்ளிப் பைக்குள் அது பீப் அடித்து உயிரை வாங்கிய கதை அந்தத் தலைமுறைக்கே தெரியும். அதே ஆண்டு வந்த முதல் ஹார்வெஸ்ட் மூனிலும் பட்டினி போட்ட பசு நோயில் விழுந்து செத்துவிடும். 2005இல் நாய் வளர்க்கும் விளையாட்டான நின்டெண்டாக்ஸ் வந்தபோது நாய்க்குட்டிக்கு வயதே ஆகவில்லை. நாள்கணக்கில் மறந்திருந்தாலும் அழுக்கும் பசியுமாக இருக்குமே தவிர சாகாது. ஸ்டார்ட்யூவிலும் நம் நாயும் பூனையும் சாகா வரம் பெற்றவை, பட்டினி கிடந்த மாடும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளுமே தவிர சாகாது. ஒரே ஒரு பொத்தல் உண்டு: இரவில் கொட்டிலுக்கு வெளியே விட்டுவிட்ட மிருகம் ஏதோ ஒரு காட்டு விலங்கிடம் சிக்கிக் காணாமல் போகலாம். 2019இல், எந்த விளையாட்டில் நாயைத் தடவலாம், எதில் முடியாது என்பதை மட்டுமே சொல்லும் ஒரு ட்விட்டர் கணக்கு தொடங்கியது. அது பிரபலமானதும் உருவாக்குகிறவர்கள் தேடிப்போய்த் தடவும் வசதியைச் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தடவ வேண்டாம் என்று நகர்ந்துபோகும் நாயை நான் இன்னும் அதிகம் பார்க்கவில்லை. நிஜ நாய்களில் பாதி அப்படித்தான், தெரியாத கையைக் கண்டால் பின்வாங்கும்.

சாவைப் பற்றியே ஒரு கோஸி கேம் இருக்கிறது, 2020இல் மான்ட்ரியலின் தண்டர் லோட்டஸ் வெளியிட்ட ஸ்பிரிட்ஃபேரர். இறந்தவர்களைப் படகில் ஏற்றி, வேண்டியதைச் சமைத்துக் கொடுத்து, கட்டியணைத்து, கடைசி வாசல்வரை கொண்டுவிடுவது நம் வேலை. ஆன்மாக்கள் மிருக வடிவில் இருக்கும்: க்வென் மான், ஆலிஸ் முள்ளெலி, அதுல் தவளை. இதில் எனக்குக் கண் கலங்கிய இடங்கள் உண்டு. ஆனால் அதே படகில் ஆட்டுப்பட்டியும் கோழிக்கூடும் மாட்டுக்கொட்டிலும் இருக்கின்றன. செம்மறிக்குக் கத்தரி, பசுவுக்குப் பால் வாளி. அந்தத் தவளை மாமாவுக்குப் பன்றிக்கறி என்றால் உயிர். பேசுகிற மிருகத்துக்கு ஒரு வாழ்க்கையும் விடைபெறுதலும் உண்டு. வாயில்லாததற்குக் கம்பளி உண்டு. இவ்வளவு யோசித்துச் செய்த விளையாட்டிலும் அந்த இரண்டு மாடிகளுக்கும் நடுவே படிக்கட்டு இல்லை.

இதெல்லாம் வெறும் பொம்மைதானே என்று கேட்பவர்களுக்கு மைன்கிராஃப்ட் கிளி ஒரு நல்ல பதில். 2017இல் 1.12 பதிப்புக்கான சோதனை வடிவங்களில் கிளியைப் பழக்க பிஸ்கட் கொடுக்க வேண்டியிருந்தது, சாக்லேட் துணுக்கு பதித்த பிஸ்கட். சாக்லேட் கிளிகளுக்கு விஷம், குழந்தைகள் வீட்டுக் கிளிக்கும் ஊட்டிவிடுவார்கள் என்று விளையாடுகிறவர்களே குரல் எழுப்பினார்கள். மைன்கிராஃப்டை உருவாக்கும் மோஜாங் அதை விதைக்கு மாற்றியது. அதோடு விடவில்லை: இப்போது பிஸ்கட் கொடுத்தால் கிளி அந்த இடத்திலேயே செத்துவிழும். பாடம் கொஞ்சம் முரட்டுத்தனம்தான், ஆனால் மறக்காது. 2022இல் தவளைகள் வந்தபோது அவற்றுக்குத் தீனியாக அறிவித்திருந்த மின்மினிகளைக் கைவிட்டார்கள். சில மின்மினிகள் தவளைக்கு விஷம் என்பது காரணம். கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு தவளைக்காக இவ்வளவு கவலைப்பட்டவர்கள், பண்ணை விளையாட்டுகளில் பால் குடிக்காத கன்றைப் பற்றியும் ஒரு நாள் யோசிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த மிருகங்கள், என்னைக் கண்டுகொள்ளாதவை. 2014இல் ஹிட்பாயின்ட் வெளியிட்ட நெக்கோ அட்சுமேயில் நாம் செய்ய ஒன்றுமே இல்லை. முற்றத்தில் தீனியும் பந்தும் அட்டைப்பெட்டியும் வைத்துவிட்டு மூடிவிட வேண்டும். திறந்து பார்க்கும்போது ஏதாவது பூனை வந்திருக்கும், அல்லது வந்துவிட்டுப் போயிருக்கும். தொட முடியாது, கூப்பிட முடியாது, இதயக் கணக்கு கிடையாது. போகும்போது கொஞ்சம் கருவாட்டு மீனை விட்டுவிட்டுப் போகும், அதுவும் அதன் இஷ்டம். அதில் டப்ஸ் என்று ஒரு குண்டுப் பூனை. வந்தால் கிண்ணத்தை ஒரு பருக்கை விடாமல் காலி செய்துவிட்டு, அதன் பக்கத்திலேயே மலையாக உட்கார்ந்திருக்கும். மற்ற பூனைகளுக்குத் தீனி இல்லை, அவை வராது, நம் திட்டமெல்லாம் போச்சு.

2019இல் மெல்பர்னின் ஹவுஸ் ஹவுஸ் குழு வெளியிட்ட அன்டைட்டில்ட் கூஸ் கேமில் நாமே அந்தத் தொல்லை. ஒரு வெள்ளைக் கூஸ், கழுத்து நீண்ட பெரிய வாத்து. தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், பையனைத் தொலைபேசிக் கூண்டுக்குள் அடைக்க வேண்டும். அது யாருக்கும் முட்டை இடவில்லை, யாருக்கும் நண்பன் இல்லை. கத்துவதற்கென்றே ஒரு பொத்தான். சிறகடிக்க இன்னொன்று, அதனால் காரியம் எதுவும் ஆகாது, சும்மா சிறகடிக்கலாம். இந்த வகை முழுவதிலும் ஒரு மிருகத்தின் உடம்புக்குக் கொடுக்கப்பட்ட மிக நியாயமான பொத்தான் அதுதான் என்பேன். ஆல்பாவும் (2020) இந்தப் பக்கம்தான். மத்தியதரைக் கடல் தீவொன்றில் ஒரு சிறுமி கைபேசியோடு அலைந்து பறவைகளைப் படமெடுக்கிறாள், குப்பை பொறுக்குகிறாள், ஹோட்டல் வராமல் தடுக்கக் கையெழுத்து வாங்குகிறாள். பறவைகள் அவளுக்கு நன்றி சொல்வதில்லை. கிட்டே ஓடினால் பறந்துவிடும், மெல்ல நடக்க வேண்டும்.

பண்ணை விளையாட்டு எடுப்பவர்களிடம் கேட்க எனக்குச் சில ஆசைகள் உண்டு. முட்டையை நிறுத்திய பிறகும் மண்ணைக் கிளறிக்கொண்டு திரியும் ஒரு கிழக்கோழி. தடவ வந்த கையை உதறிவிட்டு, தனக்குப் பிடித்த இன்னொரு பசுவோடு போய் நிழலில் படுத்துக்கொள்ளும் ஒரு பசு. மாடுகளுக்குள் அப்படிக் கூட்டாளிகள் உண்டு. விற்கும் பொத்தானை அழுத்தினால் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று ஒரே ஒரு வரி. இப்படியெல்லாம் செய்தால் கோஸி கெட்டுவிடும், ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்பார்கள். டப்ஸ் வந்து மொத்தத் தீனியையும் தின்றபோது நெக்கோ அட்சுமேயை விட்டு யார் ஓடினார்கள்? அவனைத்தான் முதலில் படம் பிடித்தார்கள்.